தலைக்கு இத்தனை

கப்பற் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அதனால் கட்டணம் குறைந்தது. கட்டணம் குறைந்தமையால் ஏழை மக்களுக்குக் கடல் திறந்தது. அரசாங்கம் ஒப்பந்தத்தில் விதித்த நிபந்தனைகளால் அவர்கள் உயிருடன் கரை சேர்ந்தனர். இப்படியொரு வாதம் அண்மைக் காலமாக நம்மவர் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் நடமாடிக்கொண்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கூலிக் கப்பல்களைப் பற்றிப் பேசப் புகுவோர், அவற்றின் கொடுமையை இரண்டு வாக்கியங்களில் சொல்லிக் கடந்துவிட்டு, "ஆனாலும்" என்ற ஒரு சொல்லைப் போட்டு, மூன்றாம் வாக்கியத்தில் கம்பெனிக்காரர்களுக்கு மாலை சூட்டிவிடுகின்றனர். படித்த வாலிபர்களும் அதைக் கேட்டுத் தலையசைக்கின்றனர். அந்த "ஆனாலும்" என்ற சொல்லை மறுப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

இதனுடன் ஒட்டிப் பிறந்த இன்னொரு பெருமிதமும் நம் சமுதாயத்தில் உண்டு. திரினிடாத் தீவுக்கு முதன்முதலாக இந்தியரை ஏற்றிச் சென்ற கப்பல் ஒரு முஸ்லிம் வணிகருடையது, அதன் பெயர் அரபுப் பெயர் என்பதே அது. அதைப் பற்றிப் பின்னர் சொல்வேன். முதலில் ஒப்பந்தத்தைப் பார்ப்போம்.

ஆள் வேண்டுமென்று கேட்ட குடியேற்ற நாடுகளுக்காக லண்டனில் கப்பல் பிடித்துக் கொடுக்கும் அலுவல் நடந்தது. 1840 முதல் 1878 வரை நிலக் குடியேற்ற ஆணையம் என்றோர் அமைப்பு இருந்தது. பின்னர் குடியேற்ற நாடுகளின் அரசு முகவர்கள் அந்தப் பணியைச் செய்தனர். டெண்டர் கோரப்படும். கப்பல் முதலாளிகள் "முழு ஆள் ஒன்றுக்கு இத்தனை பவுன்" என்று விலை எழுதித் தருவர். முழு ஆள் என்பது சட்டம் வகுத்த ஓர் அளவு. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் ஓர் ஆள். கைக்குழந்தை கணக்கில் சேராது. இந்தியக் கூலி ஒருவருக்குக் கப்பலில் ஒதுக்க வேண்டிய இடம் 12 சதுர அடி, கன அளவில் 72 அடி. பன்னிரண்டு சதுர அடி என்பது ஆறடிக்கு இரண்டடி. நம் ஊர் மையவாடியில் குழி வெட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு இந்த அளவு நன்றாகத் தெரியும்.

இந்த விலை பேசப்பட்ட மேசையைச் சுற்றி யார் யார் அமர்ந்திருந்தனர்? அரசாங்கத்தின் முகவர் ஒருபுறம், கப்பல் முதலாளி மறுபுறம், கரும்புத் தோட்டத்தாரின் தரகர் இன்னொரு புறம். போகிறவன் அங்கே இல்லை. தான் எந்தக் கப்பலில் ஏறுகிறோம் என்பதே அவனுக்குக் கல்கத்தாவிலோ சென்னையிலோ இருந்த கூலி டிப்போவுக்கு வந்த பிறகுதான் தெரியும். போகும் ஊரின் பெயரும் அவனுக்குச் சரியாகத் தெரியாது. திரினிடாத்தை அவன் 'சீனிதாத்' என்று காதில் வாங்கினான், அங்கே சீனி சலித்தால் போதும் என்று நினைத்தான். சூரினாம் அவன் காதில் 'ஸ்ரீராம்' ஆயிற்று. டெமராரா 'டம்ரா' ஆயிற்று. ஒப்பந்தம் என்ற ஆங்கிலச் சொல் அவன் வாயில் 'கிர்மிட்' ஆகி, இன்றளவும் பிஜித் தீவில் அந்தப் பெயரிலேயே நினைவுகூரப்படுகிறது. கையெழுத்திட்டவன் வாயிலேயே பெயர் இப்படித் திரிந்தது என்றால், அதன் உள்ளடக்கம் அவனுக்கு எந்த அளவுக்கு விளங்கியிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

கம்பெனிகளைப் புகழ்வோர் எடுத்து வைக்கும் தலையாய சான்று, "உயிருடன் இறக்கினால் மட்டுமே பணம்" என்ற நிபந்தனை. கப்பலில் சென்ற மருத்துவ மேற்பார்வையாளருக்கு, உயிருடன் கரையிறங்கிய ஒவ்வொரு தலைக்கும் இத்தனை ஷில்லிங் என்று ஊதியம் கணக்கிடப்பட்டது உண்மை. இதை ஆங்கில அரசாங்கத்தின் கருணை என்கின்றனர். இந்த நிபந்தனை எங்கே பிறந்தது என்பதை அவர்கள் ஆராய்வதில்லை. அது பிறந்தது அடிமைக் கப்பலில். 1788இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இயற்றிய டால்பன் சட்டம், ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் சாவு நூற்றுக்கு இரண்டைத் தாண்டாமல் இருந்தால் கப்பல் தலைவனுக்கு 100 பவுனும் மருத்துவனுக்கு 50 பவுனும் பரிசு என்று வகுத்தது. சரக்கு கெடாமல் வந்து சேர்ந்தால் பரிசு! இதே கணக்குத்தான் பின்னாளில் கூலிக் கப்பலுக்கும் வந்தது. கரும்புத் தோட்டமும் அதுவே, வாங்கும் கையும் பெரும்பாலும் அதுவே. ஏறியவன் மட்டும் மாறினான்.

இந்த நிபந்தனை இல்லாதபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் வரலாறு உண்டு. 1790இல் ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை அனுப்பிய இரண்டாம் கப்பற் கூட்டத்தின் ஒப்பந்தம், அடிமை ஏற்றிப் பழகிய காம்டன், கால்வர்ட், கிங் என்ற நிறுவனத்துக்குக் கிடைத்தது. தலைக்கு 17 பவுன் 7 ஷில்லிங் 6 பென்ஸ். ஏற்றிய தலைக்குப் பணம். இறங்கிய தலையைப் பற்றிக் கேள்வி இல்லை. ஏறியவர் 1,006 பேர், வழியிலேயே மாண்டவர் 267 பேர். இறந்தவனுக்கு உணவு வேண்டாம். மிஞ்சிய உணவை விற்கலாம். மாண்டவர்கள் ஆங்கிலேயர்கள், ஏற்றியவர்களும் ஆங்கிலேயர்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இனவெறி ஒன்றே கூலிக் கப்பலின் கொடுமைக்குக் காரணம் என்று சொல்லி முடித்துவிடும் நண்பர்களுக்கும் இது மறுப்பு. இனவெறி இருந்தது, அதை யாரும் மறுக்க இயலாது. ஆனால் 'தலைக்கு இத்தனை' என்ற கணக்கு அதைவிடப் பழையது, தன் இனத்தையும் அது விட்டு வைக்கவில்லை.

போட்டி ஒப்பந்தத்தின் இலட்சணத்தைக் காண நியூசிலாந்தைப் போல் வேறு நாடில்லை. அங்கே கூலி முறை இல்லை. போனவர்கள் வெள்ளைக் குடியானவர்கள். 1870இல் ஜூலியஸ் வோகல் என்பவர் பெரிய கடன் வாங்கிச் சாலையும் இரயிலும் போட்டு, அரசாங்கச் செலவில் ஆட்களைக் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கினார். லண்டனில் இருந்த அந்நாட்டுப் பிரதிநிதி ஃபெதர்ஸ்டன் கப்பல் பேசினார். ஷா சாவில் என்ற லண்டன் கம்பெனியின் பிடியில் அந்தக் கடல் வழி இருந்தது. அந்தப் பிடியை உடைப்பதற்கென்றே கிறைஸ்ட்சர்ச் நகரத்து வணிகரும் பண்ணையாரும் கூடி 1873இல் நியூசிலாந்து கப்பற் கம்பெனியைத் தொடங்கினர். இரண்டு கம்பெனிகளும் அரசாங்கத்தின் குடியேற்ற ஒப்பந்தத்துக்குக் கையேந்தி நின்றன. 1874 ஓர் ஆண்டில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் அரசாங்கச் செலவில் அந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். நம் பேச்சாளர்கள் போற்றும் போட்டி அங்கே உச்சத்தில் இருந்தது.

அதே 1874ஆம் ஆண்டு செப்டம்பரில் ஷா சாவில் கம்பெனியின் காஸ்பாட்ரிக் என்ற கப்பல் லண்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் புறப்பட்டது. பர்மாவின் மௌல்மீனில் 1856இல் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட பாய்மரக் கப்பல் அது. மேலே 400க்கும் அதிகமான குடியேறிகள், அவர்களில் குழந்தைகள் ஏராளம். கீழே சரக்கறையில் என்ன இருந்தது? சாராயம், ஆளி விதை எண்ணெய், டர்ப்பன்டைன், வார்னிஷ். தலைக்கு இத்தனை என்று ஒப்பந்தம் பேசிய அரசாங்கம், அந்தத் தலைகளின் கீழே கம்பெனி எதை ஏற்றிக் காசு பண்ணுகிறது என்பதை அதன் விருப்பத்துக்கே விட்டிருந்தது. நவம்பர் நடுவில், நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே, நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றியது. படகுகள் கப்பலில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூடப் போதாதவை. ஆனால் சட்டம் கேட்ட அளவுக்குச் சரியாக இருந்தன! நீரில் இறங்கித் தப்பியவை இரண்டே படகுகள். கப்பலில் இருந்த 470க்கும் மேற்பட்டவர்களில் இறுதியில் உயிர் தப்பியவர் மூன்றே பேர். மூவரும் கப்பல் பணியாளர்கள். குடியேறிகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. "உயிருடன் இறக்கினால் மட்டுமே பணம்" என்ற வாசகம் அந்த எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு என்ன பதில் சொல்லிற்று?

இனி நம் மக்களைப் பார்ப்போம். 1834இல் 36 பேருடன் அட்லஸ் என்ற கப்பல் மொரீசியஸ் சென்றது. 1838இல் விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் டெமராராவுக்குச் சென்றன. ஜான் கிளாட்ஸ்டன் என்ற தோட்ட முதலாளியின் ஏற்பாடு அது. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ என்ற கப்பல் நெட்டாலில் நம் தமிழ் மக்களை இறக்கியது. 1873இல் லாலா ருக் என்ற அழகிய பாரசீகப் பெயர் தாங்கிய கப்பல் டச்சுக்காரரின் சூரினாமுக்குச் சென்றது. மொரீசியஸுக்கு நாலரை லட்சம், பிரிட்டிஷ் கயானாவுக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல், நெட்டாலுக்கு ஒன்றரை லட்சம், திரினிடாதுக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல், பிஜிக்கு அறுபதாயிரம் என்று இந்தியர் சென்றனர். நெட்டாலுக்குப் போனவர்களில் பெரும்பகுதி சென்னை வழியே போனவர்கள்.

1856-57ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வழியிலேயே மாண்டனர். 1858இல் சால்செட் என்ற கப்பலில் ஏறத்தாழ 320 பேர் ஏறி, 120 பேர் கடலில் வீசப்பட்டனர். அக்கப்பலின் தலைவர் எழுதி வைத்த நாட்குறிப்பு மறு ஆண்டே அச்சாகி வெளிவந்தது. ஆதலால் லண்டனில் யாருக்கும் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

பின்னர் சாவு குறைந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலில் மாண்டவர் தொகை பழைய நாட்களை நோக்க மிகச் சிறிது. ஆனால் அது டெண்டர் போட்டியின் பலனா? அம்மை குத்தல் வந்தது. டிப்போவில் நோயாளிகளைப் பிரித்து வைக்கும் வழக்கம் வந்தது. குடிநீருக்குக் கட்டுப்பாடு வந்தது. பாய்மரம் போய் நீராவி வந்தது. பிஜிக்குப் பாய்மரக் கப்பலில் சராசரி 73 நாள் பிடித்த பயணம் நீராவியில் 30 நாளில் முடிந்தது. நாற்பது நாள் குறைந்தால் சாவும் குறையாதா? இதில் முதலாளியின் கருணைக்கு இடம் எங்கே இருக்கிறது?

கல்கத்தா வழியில் போட்டியிட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒருவர் சாண்ட்பாக் டின்னி கம்பெனியார். டெமராராவில் தோட்டம் அவர்களுடையது, கப்பல் அவர்களுடையது, திரும்பும் கப்பலில் ஏறும் சர்க்கரையும் அவர்களுடையது. அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அடிமைகளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு இழப்பீடு கிடைத்தது. அதைப் பெற்றவர்களில் இக்கம்பெனியின் பங்காளிகளும் உண்டு. மற்றொருவர் ஜேம்ஸ் நௌர்ஸ். 1861இல் தொடங்கி, கூலி ஏற்றுவதையே தொழிலாக வளர்த்தவர். அவருடைய கப்பல்களுக்கு நம் நாட்டு நதிகளின் பெயர்கள்: கங்கை, யமுனை, சிந்து, சட்லெஜ், செனாப், ஹூக்ளி. நதியின் பெயரைச் சூட்டி, அந்நதிக்கரையில் பிறந்தவனையே ஏற்றிச் சென்று திரும்பா ஊரில் இறக்கினார். பிரிட்டனிலிருந்து உப்பும் இரும்புத் தண்டவாளமும் கல்கத்தாவுக்கு, கல்கத்தாவிலிருந்து மனிதர், அங்கிருந்து சர்க்கரையோ வேறு சரக்கோ. உப்பு இறங்கிய தட்டில் பலகை அடித்து மனிதரை ஏற்றினர். இந்தச் சுற்றில் எந்த ஒரு கட்டமும் வெறுமையாகப் போகக்கூடாது என்பதே கம்பெனியின் கவலை. கூலி ஒப்பந்தம் அந்தச் சுற்றின் ஒரு கண்ணி. அதனால்தான் குறைந்த விலைக்கும் ஏற்ற முடிந்தது.

நௌர்ஸின் கப்பல்களில் ஒன்றுக்குச் சிரியா என்று பெயர். நாம் ஷாம் என்று மரியாதையோடு சொல்லும் நாட்டின் பெயர். 1884 மார்ச்சில் 497 பேருடன் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு, மே 11ஆம் நாள் இரவு பிஜியில் நாசிலாய்ப் பவளப் பாறையில் மோதி உடைந்தது. 59 உயிர்கள் போயின. அவர்களில் மூவர் லஸ்கர் மாலுமிகள். எஞ்சியவர்களைக் காப்பாற்றுவதில் கடலில் இறங்கியவர்களுள் அத்தீவின் கிராம மக்களும் இருந்தனர். அவர்களுக்கும் இந்த ஒப்பந்தத்துக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது.

போட்டி, போட்டி என்கிறார்களே, அந்தப் போட்டி எவ்வளவு காலம் நீடித்தது? 1875இலேயே பிரிட்டனுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடிய கம்பெனிகள் கூடி, சரக்குக் கூலியை இவ்வளவுக்குக் கீழே இறக்குவதில்லை என்று தங்களுக்குள் ஒரு கூட்டு அமைத்துக்கொண்டன. கப்பற் கூட்டுகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி. பின்னர் நடந்ததைப் பாருங்கள். தென்னிந்தியரைப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஏற்றியதும், பிஜிக்கு நௌர்ஸுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும், 1881 முதல் குயின்ஸ்லாந்து அரசாங்கத்தின் ஒப்பந்தத்தில் வெள்ளைக் குடியேறிகளை ஏற்றியதும் ஒரே கம்பெனிதான்: வில்லியம் மெக்கின்னன் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி. அது 1914இல் பி. அண்டு ஓ. கம்பெனியுடன் இணைந்தது. ஷா சாவிலின் ஏகபோகத்தை உடைக்கப் பிறந்த நியூசிலாந்து கப்பற் கம்பெனியை 1916இல் அதே பி. அண்டு ஓ. வாங்கியது. நௌர்ஸ் கம்பெனியை 1917இல் அதுவே வாங்கியது. மூன்றே ஆண்டில் போட்டியாளர் அனைவரும் ஒரே பணப்பையில். நாற்பது ஐம்பது ஆண்டுகள் மல்லுக்கட்டியவர்கள் என்று நம்மவர் வருணிக்கும் மல்லர்கள் ஒரு வீட்டு விருந்தில் கூடி உட்கார்ந்துவிட்டனர்.

உண்மையான போட்டி ஒன்று வந்தபோது அரசாங்கம் என்ன செய்தது என்பதைத் தமிழ் மக்கள் அறிவர். 1906இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. இவர்கள் எட்டணாவாக இறக்கினர். அவர்கள் கட்டணமே வேண்டாம், குடையும் இலவசம் என்றனர். அது வணிகப் போட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் 1908இல் சிதம்பரனாரை இராசத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளியது வணிகப் போட்டியா? 1911இல் கம்பெனி கலைந்தது. அதன் கப்பல்களில் ஒன்று எதிரிக் கம்பெனியிடமே விற்கப்பட்டது. 1914இல் குர்தித் சிங் வாடகைக்குப் பிடித்த கோமகட்டா மாரு என்ற கப்பல் 376 பேருடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அவர்களில் 24 பேர் முஸ்லிம்கள். புறப்பட்ட நாட்டிலிருந்து இடைநிறுத்தமின்றி வந்தவரையே ஏற்போம் என்று கனடா 1908இல் விதி செய்திருந்தது. இந்தியாவிலிருந்து நேராக அழைத்து வரக்கூடிய கப்பற் கம்பெனிக்கோ அந்தப் பயணச்சீட்டை விற்காதே என்று சொல்லி வைத்திருந்தது. இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டனர். அரசாங்கம் அழைத்தால் தலைக்கு இத்தனை பவுன். தானாகப் போனால் பீரங்கிக் கப்பல் எதிரே வந்து நிற்கும். கடல் ஏழைக்குத் திறந்தது என்கிறவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் விளக்கம் சொல்லட்டும்.

நான் மத்ரஸாவில் ஓதி, மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவன். கூலிக்கு அமர்த்துதலைப் பற்றிய இஜாராப் பாடம் ஃபிக்ஹுக் கிதாபுகளில் நெடியதோர் அத்தியாயம். வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும், காலம் தெரிந்திருக்க வேண்டும், உஜ்ரத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று தெரியாமல் போனாலும் அந்த ஒப்பந்தம் பழுது. சுதந்திர மனிதனின் உடல் விலைப் பொருளாகாது என்பது அதற்கும் முந்திய அடிப்படை. சுதந்திர மனிதனை விற்று அந்த விலையைத் தின்பவனையும், வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனையும் ஒரே மூச்சில் கண்டிக்கும் நபிமொழியை நம் பிள்ளைகள் முதல் வகுப்புகளிலேயே கேட்டு வளர்கின்றனர். இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். 'சீனிதாத்' என்று மட்டும் தெரிந்து கைநாட்டு வைத்தவனின் ஒப்பந்தம் எந்த மத்ஹபின்படி செல்லும்? நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏறியாக வேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது, பெண் ஒருத்தியைக் கொண்டுவரும் தரகனுக்குக் கூடுதல் கமிஷன் கொடுத்தனர். அதற்கு எந்த அத்தியாயத்தில் இடமுண்டு?

ஆகவேதான் அந்த இரண்டாம் பெருமிதம் என்னை உறுத்துகிறது. 1845 பிப்ரவரியில் கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு, மே 30ஆம் நாள் 225 பேரைத் திரினிடாதில் இறக்கிய கப்பலின் பெயர் ஃபத்ஹுர் ரஸ்ஸாக். ஆங்கிலேயரின் நாவில் அது 'ஃபட்டேல் ரசாக்' என்று சிதைந்து, அப்படியே வரலாற்று நூல்களிலும் ஏறிவிட்டது. உடையவர் பம்பாய் முஸ்லிம் வணிகர் இப்ராஹீம் பின் யூசுப் என்று சொல்லப்படுகிறது, ஓட்டியவர் ஆங்கிலேயர். ரஸ்ஸாக் என்பது இறைவனின் திருநாமங்களில் ஒன்று. உணவளிப்பவன் என்று பொருள். ஃபத்ஹு என்றால் வெற்றி, திறப்பு. பெயர் அழகானதுதான். அந்தப் பெயரைத் தாங்கிய பலகைகளின் மேல், தான் எங்கே போகிறோம் என்று அறியாத 225 பேர் மூன்று மாதத்துக்கும் மேலாகக் கிடந்தனர். திரினிடாத் மக்கள் மே 30ஐ இந்தியர் வருகை நாளாகக் கொண்டாடுவது அவர்கள் உரிமை. பாட்டனார் பட்ட பாட்டைப் பேரப்பிள்ளைகள் நினைப்பதில் குறை சொல்ல யாருக்கும் இடமில்லை. ஆனால் இங்கே இருந்துகொண்டு, கப்பல் முதலாளியின் பக்கம் நின்று, "நம்மவர் கப்பல்தான் முதற்கப்பல்" என்று மார்தட்டுவது எந்தப் பெருமை? அக்கப்பலில் ஏறியவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்களே, அவர்கள் நம்மவர் இல்லையா?

வங்கக் கடலின் கணக்கும் நமக்குத் தெரிந்ததே. நீராவி வருமுன் நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பினாங்குக்குத் தோட்டக் கூலிகளை ஏற்றிச் சென்ற பாய்மரக் கப்பல்களில் நம் கடற்கரை மரைக்காயர்களின் கப்பல்களும் உண்டு. அச்சே வரைக்கும் கெடா வரைக்கும் சென்ற அந்தக் கப்பலோட்டிகளின் துணிவை நானும் வியக்கிறேன். காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் அவர்கள் கட்டிய பள்ளிகளில் தொழுகிறவர்கள் நாம். ஆனால் தளத்தில் நெருக்கி அடைக்கப்பட்ட கூலிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் நீராவிக் கப்பல் மலாயா அரசாங்கங்களின் மானியத்தோடு வந்து நம் பாய்மரங்களை ஒழித்தது என்று வருந்துகிறோம், வருந்தத்தான் வேண்டும். அந்த வருத்தத்தில் ஏற்றியவனின் நட்டம் மட்டும் எழுதப்படுகிறது. 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலாக் கப்பலைப் பற்றி நம் பெரியவர்கள் எத்தனை கதை சொல்லியிருக்கிறார்கள்! 5,000 பேர் வரை தளத்தில் ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பெட்டிக்கும் பாய்க்கும் இடையே கால் நீட்ட இடம் தேடியவர்களின் கதைகள் அவை. அவற்றை எழுதி வைத்தவர் மிகச் சிலர்.

கூலி முறையை ஒழித்தது கம்பெனிகளின் போட்டியும் அன்று, ஒப்பந்தத்தின் நிபந்தனையும் அன்று. கோகலே சட்டசபையில் எழுப்பிய குரலால் 1911இல் நெட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. 1912இல் முறையையே ஒழிக்க அவர் கொண்டுவந்த தீர்மானம் தோற்கடிக்கப்பட்டது. 1916இல் மாளவியா மீண்டும் கொண்டுவந்தார். ஆண்ட்ரூஸ் பாதிரியார் பிஜிக்கே சென்று பார்த்து வந்து எழுதினார். 1917இல் நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்கிடையே ஆள் அனுப்புவது தடை செய்யப்பட்டது. எஞ்சிய கூலிகளின் கட்டு 1920இல் அவிழ்ந்தது. நௌர்ஸ் கம்பெனியின் கங்கைக் கப்பல் 1917 ஏப்ரலில் கயானாவிலும் திரினிடாதிலும் இறக்கியவர்களே அவ்விரு நாடுகளுக்கும் சென்ற கடைசிக் கூலிகள். அதுவரை எந்தக் கம்பெனியாவது, இந்தத் தொழில் வேண்டாம் என்று டெண்டர் போடாமல் இருந்ததுண்டா? முதல் நாட்களில் சில கப்பல் முதலாளிகள் தயங்கியதாகச் சொல்வர். ஆதாயம் தெரிந்த பின் தயக்கம் தெரியவில்லை.

இவையெல்லாம் முடிந்துபோன செய்திகள் என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் செல்வது விமானத்தில், காலமும் மாறிவிட்டது, 1983இல் இந்திய அரசு குடிபெயர்வுச் சட்டம் இயற்றி ஏஜெண்டுகளைப் பதிவு செய்ய வைத்தது. நல்லது. ஆனால் விசா பேசப்படும் மேசையைச் சற்று எட்டிப் பாருங்கள். அங்கே முதலாளியின் ஆள் ஒருவர், இங்கத்திய ஏஜெண்டுகள் பலர். ஏஜெண்டுகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு, "எனக்குக் கொடு, நான் இத்தனை பேர் தருகிறேன்" என்று போட்டியிடுகின்றனர். ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்கு அவர்கள் கொடுக்கும் தொகை கடைசியில் யார் தலையில் விழுகிறது? தாயின் நகையை அடகு வைத்த பிள்ளையின் தலையில். எழுதிய சம்பளம் ஒன்று, இறங்கியபின் சொல்லும் சம்பளம் ஒன்று. போட்டி மிகுந்தால் தொழிலாளிக்கு நன்மை என்ற கம்பெனிப் பாடத்தை நம் பிள்ளைகளுக்கும் கற்பித்துவிட்டால், நாளை அவர்கள் அந்த மேசையில் தமக்கும் ஒரு நாற்காலி வேண்டுமென்று கேட்க மாட்டார்கள். போன கூலியைக் கம்பெனியின் கண்ணால் பார்க்கக் கற்றவன், போகிற தன் தம்பியையும் அதே கண்ணால்தான் பார்ப்பான். என் கோபம் பழைய கப்பல்களோடு நிற்காததற்குக் காரணம் இதுதான்.

அடுத்த மே மாதத்துக்கு மலர் வெளியிட எண்ணியிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபத்ஹுர் ரஸ்ஸாக் என்ற பெயரை அட்டையில் போடுங்கள், அரபு எழுத்திலேயே போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. உள்ளே அதன் முதலாளிக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், ஏறிய 225 பேருக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முஸ்லிம் வணிகர் ஒருவரைப் போற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சுதேசிக் கப்பலுக்கு இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு அது மூழ்குவதையும் பார்த்த பக்கீர் சேட்டின் பெயர் நம் கையருகே இருக்கிறது.